டூலின் கடற்கரையில் ஓர் ஐரிஷ் காபி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு ஐரிஷ் காபியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சூடான காபி, ஐரிஷ் விஸ்கி, பழுப்புச் சர்க்கரை, மேலே மிதக்கிற குளிர்ந்த கிரீம். இவ்வளவுதான் சமாச்சாரம். இன்று பெரிய ஓட்டல்களில் எந்த நாட்டுக்குப் போனாலும் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கும். ஆனால் அதைக் குடிக்க வேண்டிய இடம் அயர்லாந்தின் மேற்குக் கரை, குடிக்க வேண்டிய காலம் குளிர்காலம் என்பது என் தீர்மானமான எண்ணம். ஏன் அப்படி என்று புரிய, முதலில் அந்தக் கரையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிளேர் மாவட்டத்தில் டூலின் என்று ஒரு சின்னக் கிராமம், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. தெற்கே கொஞ்ச தூரத்தில் மோஹர் செங்குத்துப் பாறைகள், உயரமான இடத்தில் 214 மீட்டர். வடக்கே பர்ரன் என்கிற சுண்ணாம்புப் பாறை நிலம், கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் நிறம். எதிரே கடலுக்குள் ஆரன் தீவுகள். கோடையில் தீவுக்குப் படகு ஏற வருகிறவர்களின் கூட்டம் தாங்காது. குளிர்காலத்தில் படகும் இல்லை, கூட்டமும் இல்லை. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வெப்பமானியைப் பார்த்தால் ஏழோ எட்டோ டிகிரி இருக்கும், இதெல்லாம் ஒரு குளிரா என்று தோன்றும். வெளியே கால் வைத்தால்தான் தெரியும். கடல்காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வரும். குடை விரித்துப் பிரயோசனமில்லை. கால்மணி நேரம் நடந்தால் விரல்கள் மடங்காது, காது மரத்துப்போகும்.

அப்படி நனைந்து வருகிறவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே, அதுதான் அங்கே பப். நம்மில் பலருக்கு பப் என்றதும் இருட்டும் இரைச்சலும் நினைவுக்கு வரும். கிராமத்து ஐரிஷ் பப் அப்படி இருக்காது. இரவு 9 மணி வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பமாக வந்து சாப்பிடுவார்கள். மூலையில் ஒரு பெரியவர் தேநீர் மட்டும் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார், அவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. 2004 மார்ச்சிலிருந்து உள்ளே புகைபிடிக்கத் தடை, அதனால் சிகரெட் நெடியும் கிடையாது. டூலினில் ஃபிஷர் தெருவில் இருக்கும் கஸ் ஓகானர் பப்பில் வாசலிலேயே 1832 என்று ஆண்டு போட்டிருக்கும். மெக்கான், மெக்டெர்மாட் என்று இன்னும் இரண்டு பழைய பப்புகளும் உண்டு. சின்ன ஊருக்கு இது அதிகம் என்று தோன்றலாம். காரணம் இசை, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஊரில் ஒரு பப்பில், கல்லாவுக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஐரிஷ் காபி தயாரிப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அறுபது வயது இருக்கும். முதலில் காலும் பிடியும் வைத்த கண்ணாடிக் கோப்பையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அப்படியே வைத்துவிட்டார். இன்னொரு ஆளுக்குச் சூப்பும் ரொட்டியும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து அந்தத் தண்ணீரைக் கொட்டினார். பழுப்புச் சர்க்கரை இரண்டு கரண்டி. அதன் மேல் கொஞ்சம் காபி, நல்ல கடுங்காபி. சர்க்கரை ஒரு துணுக்குகூட இல்லாமல் கரைகிற வரை கிளறினார். பிறகு விஸ்கி, அளவுக் கிண்ணத்தால் ஒரே ஓர் அளவு. அயர்லாந்தில் ஓர் அளவு என்றால் 35.5 மில்லி. அப்புறம் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை மறுபடி காபி.

கிரீம்தான் முக்கியம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிரீமை ஒரு ஜாடியில் ஊற்றிக் கையாலேயே லேசாக அடித்து வைத்திருந்தார். கெட்டியாகக் கூடாது, தண்ணியாகவும் இருக்கக் கூடாது, தோசை மாவுப் பதத்தில் வழிய வேண்டும். வெந்நீரில் தோய்த்த கரண்டியைக் குப்புறப் பிடித்து, காபியின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்து, அதன் முதுகின் மேல் கிரீமை ஊற்றினார். அவசரமே இல்லை. வெள்ளை பரவிப் படிந்து, கறுப்புக்கு மேலே கோடு போட்டதுபோல் நின்றது. கோப்பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் என் பக்கம் நகர்த்தினார். ‘கலக்கிவிடாதீர்கள், அப்படியே குடியுங்கள்’ என்றார்.

கலக்காமல் குடித்தால்தான் அதன் அருமை தெரியும். உதட்டில் முதலில் படுவது சில்லென்ற கிரீம், இனிப்பே இல்லாதது. அதற்கு அடியிலிருந்து சூடான காபி வருகிறது, கசப்பும் இனிப்புமாக. விஸ்கி கடைசியில் தொண்டையில்தான் தெரியும். கிரீம் மூடி போட்டு வைத்திருப்பதால் காபியும் சீக்கிரம் ஆறாது. மழையில் நனைந்த கைகளுக்கு அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பதே பெரிய சுகம்.

சர்க்கரையை வெறும் ருசிக்காகப் போடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காபியில் சாராயம் சேர்ந்தால் அதன் அடர்த்தி குறையும், கிரீம் அமிழ்ந்து போகப் பார்க்கும். சர்க்கரை கரைந்தால் அடர்த்தி கூடி கிரீமைத் தாங்கும். லேசாக அடித்த கிரீமில் காற்று அடைபட்டிருப்பதும் அது மிதக்க ஒரு காரணம். சர்க்கரை வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குக் கிரீமை நிறுத்திக் கொடுக்க ரொம்பக் கைப்பழக்கம் வேண்டும். அயர்லாந்தில் இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஐரிஷ் காபிக்கென்றே ஐ.எஸ். 417 என்று தேசியத் தர நிர்ணயம் ஒன்று 1988-இல் வெளியானது.

சரி, இதை யார் கண்டுபிடித்தார்கள்? அதற்கு ஷானன் ஆற்றுக் கழிமுகத்தின் தென்கரைக்குப் போக வேண்டும். லிமரிக் மாவட்டத்தில் ஃபாய்ன்ஸ் என்கிற துறைமுகக் கிராமம். 1939-இலிருந்து 1945 வரை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த விமானங்கள் பல அங்கேதான் இறங்கின. நிலத்தில் அல்ல, தண்ணீரில். பறக்கும் படகுகள் என்று பெயர். அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் கனமான விமானத்தைத் தாங்கும் ஓடுபாதைகள் அன்றைக்கு அரிது, அமைதியான நீர்ப்பரப்பு இருந்தால் போதும் என்று கட்டப்பட்டவை அவை. பயணிகள் விமானத்திலிருந்து சின்னப் படகுக்கு மாறி, கழிமுகக் காற்றை வாங்கிக்கொண்டே கரைக்கு வர வேண்டும். அங்கே இருந்த உணவகத்தை நடத்தியவர் பிரெண்டன் ஓரீகன். சமையல்காரர் டைரோன் மாவட்டத்திலிருந்து வந்த ஜோ ஷெரிடன்.

1943 குளிர்காலத்தில் ஓர் இரவு, அமெரிக்காவை நோக்கிக் கிளம்பிய விமானம் மோசமான வானிலையால் பாதி வழியில் ஃபாய்ன்ஸுக்கே திரும்பிவிட்டது. பல மணி நேரம் வானத்தில் ஆடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். ஷெரிடன் அவர்களுக்குக் கொடுத்த காபியில் நல்ல ஐரிஷ் விஸ்கியைச் சேர்த்தார். இது பிரேசில் காபியா என்று ஒரு பயணி கேட்டதாகவும், இல்லை, ஐரிஷ் காபி என்று அவர் பதில் சொன்னதாகவும் அந்த ஊரில் சொல்வார்கள். சூடு, இனிப்பு, கொழுப்பு, கொஞ்சம் மது. குளிரில் விறைத்து, பசித்து, களைத்து வருகிற உடம்பு என்ன கேட்கும் என்று யோசித்த ஒரு சமையல்காரரின் கைவேலை இது. அதனால்தான் ஏ.சி. போட்ட அறையில், சாப்பாடு முடிந்து வயிறு நிறைந்த பிறகு, டப்பாவிலிருந்து பீய்ச்சிய கிரீமோடு இதைக் கொடுத்தால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

போர் முடிந்த பிறகு பறக்கும் படகுகளின் காலமும் முடிந்தது. வடகரையில் ஷானன் விமான நிலையம் வந்தது. 1947-இல் அங்கே உலகத்தின் முதல் வரியில்லா விமான நிலையக் கடையைத் திறந்தவரும் அதே ஓரீகன்தான். ஷானனில் ஐரிஷ் காபி குடித்த ஸ்டான்டன் டெலபிளேன் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர், 1952 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கஃபேயில் அதன் உரிமையாளர் ஜாக் கோப்லரோடு சேர்ந்து அதே மாதிரி செய்ய முயன்றார். கிரீம் அமிழ்ந்துகொண்டே இருந்தது. பால்பண்ணைத் தொழிலில் இருந்து, பிற்பாடு அந்த நகரத்தின் மேயரான ஜார்ஜ் கிறிஸ்டோஃபர்தான் வழி சொன்னார்: கிரீமை 48 மணி நேரம் வைத்திருந்து பிறகு அடித்தால் நிற்கும் என்று. ஷெரிடனும் பின்னாளில் அந்த கஃபேக்கே வேலைக்குப் போனார், 1962-இல் அமெரிக்காவிலேயே காலமானார். ஒரு கடுங்குளிர் இரவில் அவர் செய்து கொடுத்தது இத்தனை ஊர்களுக்குப் போய்விட்ட பிறகும், அவர் பெயர் அயர்லாந்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. எனக்கு அது வருத்தம்தான்.

இசையைச் சொல்கிறேன் என்றேனே. டூலின் பப்புகளில் இரவில் மேடை எதுவும் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஃபிடில் என்கிற வயலின், புல்லாங்குழல், கான்செர்ட்டினா என்கிற சின்னத் துருத்தி வாத்தியம், போட்ரான் பறை என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். அந்த ஊர்க்காரரான மிக்கோ ரஸ்ஸல், தகரக் குழலை உலகம் கேட்கும்படி ஊதியவர், 1994-இல் மறைந்தார். அவருடைய சகோதரர்களும் வாத்தியக்காரர்கள். திடீரென்று ஒருவர் வாத்தியமே இல்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால், கல்லாவில் காசு வாங்குகிறவர்கூடக் கையை நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் பேசக் கூடாது. வாத்தியக்காரர்களின் நாற்காலியிலும் உட்காரக் கூடாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காபி சேர்ந்திருப்பதால் போதை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. தூக்கம் கலையலாம், உடம்பிலுள்ள மது குறையாது. வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது. மது பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக ஆரம்பிக்கவும் வேண்டாம், அந்தப் பப்பில் மீன் சூப்பும் சோடா ரொட்டியும் வாங்கிக்கொண்டு இசை கேட்டாலே போதும், சந்தோஷமாக எழுந்து வருவீர்கள்.

போக நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன். கால்வே நகரத்திலிருந்து 350-ஆம் எண் பேருந்து டூலின் வழியாகப் போகிறது. அங்கிருந்து ஃபாய்ன்ஸையும் பார்க்க வேண்டுமானால், காரில் தெற்கே கில்லைமர் வரை வந்து கார் ஏற்றும் படகில் கழிமுகத்தைக் கடக்கலாம், இருபது நிமிடம்தான். மறுகரையில் டார்பர்ட். அங்கிருந்து கரையோரமாகவே கிழக்கே போனால் ஃபாய்ன்ஸ். பழைய விமான முனையக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். போயிங் 314 பறக்கும் படகின் முழு அளவு மாதிரி ஒன்று உள்ளே இருக்கிறது, ஏறிப் பார்க்கலாம், படுக்கை வசதிகூட உண்டு. குளிர்காலத்தில் சில மாதம் மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

வணக்கம்.