திறன் மாறும் போகிமான்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வைகையில் வெள்ளம் வந்தால் நம் மதுரையே ஏ.வி. பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். மழைக்கு அவ்வளவு ஏங்குகிறவர்கள் நாம். போகிமான் என்ற கற்பனை உயிரினங்களை மோதவிடும் வீடியோ கேமில் அதே மழை ரொம்ப காலம் பெரிய தொல்லையாக இருந்தது.

1996-ல் ஜப்பானில் வந்த முதல் பதிப்புகளில் திறன் என்ற ஒன்றே கிடையாது. 2002-ல் ரூபி, சஃபையர் பதிப்புகளில்தான் ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவிக்குணம் மாதிரி ஒரு திறன் வந்தது. அதில் ஒன்று ட்ரிசில். அந்தத் திறனுள்ள கயோகர் என்ற போகிமான் களத்தில் இறங்கியதுமே மழை பிடித்துக்கொள்ளும். யாராவது வேறு வானிலையைக் கொண்டுவந்தால்தான் உண்டு, இல்லையென்றால் ஆட்டம் முடியும்வரை விடாது. நீர்த் தாக்குதலுக்கு ஒன்றரை மடங்கு பலம், நெருப்புக்குப் பாதி. 2013-ல் எக்ஸ், ஒய் பதிப்புகளில் இந்த மழையை 5 சுற்றுக்குக் குறைத்தார்கள். நல்ல முடிவு. எதிராளி தாக்குப்பிடித்து நிற்க ஒரு வழி பிறந்தது.

அதே பதிப்புகளில் டாலன்ஃப்ளேம் என்ற பறவை வந்தது. கேல் விங்ஸ் திறனால் அதன் பறவைத் தாக்குதல்கள் முந்திக்கொண்டு விழும். 2016-ல் சன், மூன் பதிப்புகள் வந்தபோது, உயிர் முழுதாக இருந்தால் மட்டுமே அது பலிக்கும் என்று மாற்றிவிட்டார்கள். எதிராளி முன்கூட்டியே களத்தில் ஸ்டெல்த் ராக் கற்களைப் பரப்பியிருந்தால், பறவை உள்ளே வரும்போதே பாதி உயிர் போய்விடும். அப்புறம் எங்கே முந்துவது! இதுவும் நியாயம்தான்.

கெங்கார் என்ற போகிமான் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. பேய், விஷம் என்று இரண்டு வகையும் சேர்ந்தது அது. விஷ வகைக்கு நிலத் தாக்குதல் இரட்டிப்பாக வலிக்கும். ஆனால் லெவிடேட் திறனால் கெங்கார் மிதந்துகொண்டிருந்தது. எர்த்குவேக் என்ற நிலத் தாக்குதல் அதைத் தொடாது. சன், மூனில் அதை எடுத்துவிட்டு கர்ஸ்டு பாடி என்ற திறனைக் கொடுத்தார்கள். அடித்தவரின் தாக்குதலை அது கொஞ்ச நேரம் முடக்கும், அதுவும் நூற்றுக்கு 30 வாய்ப்புதான். முன்பு அடியே விழாது. இப்போது அடி விழுந்த பிறகுதான் இந்தத் திறனுக்கு வேலை.

வில்லாபுரத்தில் இருக்கும் என் அக்கா மகன் பழைய பதிப்பில் பழகியவன். புதியதில் தம்பியோடு மோதியபோது, எர்த்குவேக் வரும் என்று தெரிந்தே தைரியமாகக் கெங்காரை இறக்கினான். ஒரே அடி, சாய்ந்துவிட்டது. "மாமா, இது மிதக்குமே!" என்றான். அதன் முந்தைய வடிவங்களான கேஸ்ட்லியும் ஹாண்டரும் இன்றைக்கும் மிதக்கின்றன. வளர்ந்ததற்காகவா ஒன்றிடமிருந்து பறிப்பது?

மழையையும் பறவையையும் அடக்கியபோது எதிராளிக்குப் பதில் சொல்ல இடம் கிடைத்தது. கெங்காருக்கு அந்த அவசியமே இல்லை. எர்த்குவேக் போனாலும் அதை வீழ்த்த எத்தனையோ வழி இருந்தது. இரண்டாவது திறனாகவாவது லெவிடேட்டை அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.