நாகர்கோவில் என்று ஒடுக்கி எழுதுவது எப்படி?

[காட்சி: வடசேரி பேருந்து நிலையம். வரிசையாக நிற்கும் பஸ்களின் முகப்புப் பலகைகள்.]

குரல்: மார்த்தாண்டம், ஆரல்வாய்மொழி, மணவாளக்குறிச்சி. கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் லேசில் ஒரு பலகைக்குள் அடங்குவதில்லை. பெயர் நீண்டால் எழுத்து சிறுத்துவிடும். எழுத்து சிறுத்தால், தூரத்தில் பஸ்ஸைப் பார்த்துக் கை காட்ட நிற்கும் பாட்டிக்கு அது தெரியாது. அதனால் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் குறைக்கிறார்கள், கோட்டைத் தடிப்பாக்குகிறார்கள். இதுதான் ஒடுங்கிய தடித்த எழுத்துரு.

[திரையில்: பழைய ஆங்கிலச் சுவரொட்டி எழுத்துகள்.]

எழுத்தின் நுனியில் வரும் சிறு குறுக்குக்கோடுகள் இல்லாத ஆங்கில அச்செழுத்து, 1816-இல் லண்டனில் நான்காம் வில்லியம் கேஸ்லானின் மாதிரிப் புத்தகத்தில் வந்தது. பிறகு சுவரொட்டிக்காரர்கள் அதைப் பெரிதாக்கினார்கள், தடிப்பாக்கினார்கள், ஒடுக்கினார்கள்.

இந்தக் குடும்பத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் முகம் இம்பாக்ட். ஜெஃப்ரி லீ வரைந்து, ஷெஃபீல்டைச் சேர்ந்த ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் 1965-இல் உலோக எழுத்தாக வெளியிட்டது. பின்னாளில் விண்டோஸ் கணினிகளோடு சேர்ந்தே வந்ததால், இணையத்து மீம்களில் கறுப்பு விளிம்போடு நிற்கும் வெள்ளை எழுத்தாக உலகம் சுற்றியது.

[திரையில்: இம்பாக்ட் எழுத்துகள் பெரிதாக.]

கூர்ந்து பாருங்கள். சிறிய எழுத்துகள் ஏறக்குறைய பெரிய எழுத்துகளின் உயரத்துக்கு வளர்ந்திருக்கின்றன. மேலே நீளும் கொம்பும் கீழே தொங்கும் வாலும் குட்டை. உள்ளே இருக்கும் வெற்றிடம் ஒரு கீற்றாக மிஞ்சுகிறது. வட்டமான ஆங்கில ‘ஓ’வின் பக்கங்கள்கூட நேர்க்கோடாகிவிட்டன. ஆங்கிலத்தில் பெரும்பாலான எழுத்துகள் நேராக நிற்கும் கால்களால் ஆனவை. கால்களை நெருக்கி வைத்தால் எழுத்து ஒடுங்கிவிடும்.

தமிழில் அது நடக்காது.

[திரையில்: ண, ன. கோடு மெல்லத் தடிக்கிறது, சுழிகள் அடைபடுகின்றன.]

மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’. இரண்டையும் ஒடுக்கித் தடிப்பாக்கினால் சுழிக்குள் மை நிரம்பி, இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மணவாளக்குறிச்சியில் மணமும் போகும், மனமும் போகும்.

நாகர்கோவில் இதைவிடக் கடினமான தேர்வு. ‘நா’வில் ஒரு கால், அடுத்து ‘ர்’, பிறகு ‘கோ’வில் இன்னொரு கால். காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு, அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கோடு மட்டும்தான். ஒடுக்கும்போது முதலில் பலியாவது அதுவே. தமிழ் எழுத்துரு ஒன்றை எடைபோட வேண்டுமென்றால் நான் முதலில் தட்டச்சு செய்து பார்ப்பது இந்த ஊர்ப்பெயரைத்தான்.

1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. தக்கலை, தோவாளை, குமரி முனை ஆகிய பெயர்களின் கடைசி எழுத்துகளுக்கு அதற்கு முன்பு யானைத் துதிக்கை போன்ற வளைவு தலைமேல் ஏறி நின்றது. இப்போது இரட்டைச் சுழி தனியாக முன்னால் வந்து இடம் பிடிக்கிறது. கற்பவர்களுக்கு நல்லது, பலகை எழுதுபவருக்கு அகலச் செலவு.

[திரையில்: இரண்டு வரியில் ‘குழித்துறை – மார்த்தாண்டம்’.]

உயரத்திலும் தாராளம் கிடையாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைச் செங்கல் மாதிரி ஒட்டி அடுக்கலாம். இங்கே மேல்வரியில் ‘து’வின் வால் கீழே இறங்குகிறது, கீழ்வரியில் மார்த்தாண்டத்தின் நான்கு புள்ளிகள் மேலே எழும்புகின்றன. வரி இடைவெளியை இறுக்கினால் இரண்டும் மோதும்.

சரி, சாதாரண எழுத்தையே கணினியில் பக்கவாட்டில் நசுக்கினால் என்ன? ஃபிளக்ஸ் கடைகளில் அவசரத்துக்குச் செய்வது இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான். 60 சதவீதத்துக்கு நசுக்கினால் 10 மில்லிமீட்டர் செங்குத்துக் கோடு 6 ஆகிவிடும். படுக்கைக் கோடு 10-ஆகவே நிற்கும். ‘க’வின் குறுக்குக்கோடு தடியாகவும் நடுக்கோடு மெலிந்தும் தெரியும். ஒடுங்கிய வடிவமாகவே வரையப்பட்ட எழுத்துருவில் இந்தக் கோணல் இருக்காது.

அப்படிப்பட்டவை இலவசமாகவே கிடைக்கின்றன. எக் டைப் என்ற வடிவமைப்புக் குழுவின் அனெக் தமிழ் எழுத்துருவில் இயல்பான அகலத்தை 100 என்று வைத்தால் 75 வரை ஒடுக்கலாம். தடிப்பையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் இன்னும் ஒடுங்கும்.

[காட்சி: மண்டைக்காடு கொடை விழா, கோட்டார் சவேரியார் பேராலயத் திருவிழா சுவரொட்டிகள்.]

எங்கே பயன்படுத்தலாம்? விழாப் பெயர், தேதி, பத்திரிகைத் தலைப்பு, வீடியோவின் முகப்புப் படம், பஸ் பலகை. நிகழ்ச்சி நிரலை இதில் அடிக்காதீர்கள். மூன்றாவது வரியில் கண் களைத்துவிடும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் வேண்டாம். இறந்தவரின் பெயர் தேர்தல் வேட்பாளர் பெயர்போல் நிற்கும்.

[காட்சி: ஏ4 தாளில் அச்சிட்ட ஊர்ப்பெயர்கள் சுவரில் ஒட்டப்படுகின்றன.]

பெரிய ஃபிளக்ஸுக்குப் பணம் கட்டும் முன், வாசகத்தை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, அதை ஏற்கெனவே படிக்காத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ணகரத்தில் அவர் தயங்கினால் தடிப்பை ஒரு படி குறையுங்கள். அகலத்தைத் தொட வேண்டியதில்லை.