ரெட்ட வாழப்பழமும் ரெட்டப்புள்ளையும்

(பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்துல நடந்த சமுதாய வளைகாப்புல, ரிட்டையர்டான ஒரு கிராம செவிலியர் பேசுனது)

எல்லாருக்கும் வளையல் போட்டாச்சா? சாப்பாடு வர்ற வரைக்கும் பேசச் சொன்னாங்க, பேசுறேன்.

இந்தா பாருங்க, வர்ற வழியில திருவையாத்துல வாங்குன பூவன் சீப்பு. இதுல ஒண்ணு மட்டும் ஒட்டிக்கிட்டு ரெட்டையா இருக்கு. நான் இத கையில எடுத்ததுமே மூணாவது வரிசைல ஒரு பெரியம்மா மருமவள முழங்கையால இடிச்சிட்டாங்க, நான் பாத்துட்டேன். "தின்னுராதடி, ரெட்டையா பொறக்கும்"னு. ஏன் பெரியம்மா, இது சத்தியமா ஆவுறதா இருந்தா நம்ம காவேரிக்கரை பூரா ரெட்டைங்கதான் ஓடிட்டு இருக்கணும், இங்க வாழைக்கு என்ன பஞ்சமா?

ரெட்டையில ரெண்டு தினுசு இருக்கும்மா. ஒரே வெத மொளைச்சி ரெண்டா பொளந்துக்குற மாதிரி ஒரு கரு ரெண்டா பிரிஞ்சா அச்சா ஒரே மாதிரி இருக்கும். இது உலகத்துல எங்க பாத்தாலும் 1000 பிரசவத்துக்கு 3, 4தான், பெரும்பாலும் வம்சத்துல வர்றதில்ல. இன்னொன்னு ஒரே குழியில ரெண்டு வெத, அதாவது அந்த மாசம் ரெண்டு முட்டை வெளிய வந்து ரெண்டும் தனித்தனியா கருவாவுறது. சுமித்திரைக்கு பாயாசம் ரெண்டு தடவை கெடச்சிது, லட்சுமணன் சத்ருக்கனன் பொறந்தாங்கன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

வம்சத்துல ஓடுறது இந்த ரெண்டாவதுதான். ரெண்டு முட்டை விடுறது பொம்பள ஒடம்பு, அதனால புருசன் வீட்ல "எங்க வம்சத்து ராசி"ன்னு மீசைய முறுக்குறதுல அர்த்தமே இல்ல. 2016ல இதுக்கு சம்பந்தப்பட்ட ரெண்டு ஜீன கண்டுபிடிச்சாங்க, அதுல ஒண்ணு முட்டைய வளர்க்குற எஃப்.எஸ்.எச் ஹார்மோனோடது. அந்த ஜீன் ஆம்பளகிட்டயும் இருக்கலாம், ஆனா அவருகிட்ட முட்டை ஏது, சும்மா சொமந்துட்டு போயி மவளுக்கு குடுத்துருவாரு. பாட்டிக்கு ரெட்டை, மவனுக்கு ஒண்ணுமில்ல, பேத்திக்கு ரெட்டை. ஒரு தலைமொற விட்டு வரும்னு ஊர்ல சொல்றது இதத்தான்.

போன பிரசவத்துல ரெண்டு முட்டை ரெட்டை பெத்தவளுக்கு அடுத்ததும் அப்டியே வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட 2லேருந்து 4 மடங்கு. பயந்துடாதீங்க, அப்பவும் பெரும்பாலும் ஒத்தப்புள்ளதான். வயசு 35ஐ தொட்டா, நாலஞ்சு பிரசவம் ஆயிருந்தா கூடும், கொழந்த இல்லாம ட்ரீட்மென்ட் எடுத்தா இன்னும் கூடும்.

எங்கிட்ட ஒரு பொண்ணு வந்தா, மொத பிரசவமே ரெட்டை, ஆணு ஒண்ணு பொண்ணு ஒண்ணு. ரெண்டாவது தடவ நாலாம் மாசத்துலயே வயிறு முன்னாடி தள்ளுது, மாமியா "தேதி தப்பா சொல்றா"ன்னு சண்ட. அவ அம்மாவ தனியா கூப்புட்டு கேட்டேன், அந்தம்மா கூடப்பொறந்தவங்க ஒரு ஜோடி ரெட்டையாம், கேக்குற வரைக்கும் யாரும் சொல்லவே இல்ல. ஸ்கேன்ல ரெண்டு.

அதனால பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்த அரசாங்கத்துல பதிஞ்சா குடுக்குற நம்பர், அதப் பதியும்போதே நர்சுகிட்ட அம்மா வீட்டு சங்கதிய சொல்லிடுங்க. 11லேருந்து 14 வாரத்துக்குள்ள ஸ்கேன் எடுத்தா நஞ்சுக்கொடி ஒண்ணா ரெண்டான்னு தெரிஞ்சிரும், ரெண்டு புள்ளையும் ஒண்ணையே பங்கு போட்டா 16 வாரத்துலேருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்க பாக்கணும், அத விட்டுறாதீங்க.

சாம்பார் சாதம் வந்துருச்சு போல. பெரியம்மா, இந்தாங்க பழம், நீங்களே சாப்டுங்க, உங்களுக்கு என்ன பயம்.