விழுவது வாக்குமூலம், வழக்கு அல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் மிராண்டா எச்சரிக்கை குற்றவாளிகளைத் தப்பவிடுகிறதா, விசாரணையை நேர்மையாக்குகிறதா என்பதே தலைப்பு. பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைகளை விசாரணைக்கு முன் கைதானவரிடம் சொல்வதே அந்த எச்சரிக்கை. அதைச் சொல்லப் போலீசார் தவறினால், அவர் கைவீசிக்கொண்டு வீடு திரும்புவார் என்று முழங்கினார் எதிரணி நண்பர். சினிமாவில் திரும்பலாம், அமெரிக்க நீதிமன்றங்களில் அப்படி நடப்பதில்லை.

எர்னஸ்டோ மிராண்டாவின் கதையையே பாருங்கள். 1963-இல் ஃபீனிக்ஸ் நகரில், ஆள்கடத்தல், பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளில் கைதான அவர், சுமார் 2 மணி நேர விசாரணையின் முடிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். தம் சட்ட உரிமைகளை முழுமையாக அறிந்தே வாக்குமூலம் தருவதாக அந்தத் தாளின் தலைப்பிலேயே ஒரு பத்தி தட்டச்சில் இருந்தது. ஆனால் விசாரணையின்போது வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. 1966-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த வாக்குமூலத்தைத் தள்ளியது. இந்த எச்சரிக்கை பிறந்ததே அந்தத் தீர்ப்பில்தான். தப்பினாரா மிராண்டா? 1967-இல் நடந்த மறுவிசாரணையில், வாக்குமூலம் இல்லாமலேயே, முன்பு அவரோடு வாழ்ந்த பெண்ணின் சாட்சியத்தின் உதவியோடு மீண்டும் தண்டிக்கப்பட்டார்.

எச்சரிக்கை சொல்லாவிட்டால் விழுவது, காவலில் கேட்டுப் பெற்ற பதில் மட்டுமே. அதிலும் ஓட்டைகள் பல. குற்றம்சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறி மாற்றிப் பேசினால், அதே பதிலைக் காட்டி மடக்கலாம் என்றது 1971-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்றால் எச்சரிக்கையே வேண்டாம் என்றது 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இந்த ஓட்டைகள் போதாதென்று, மிசூரி மாநிலத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு பெண்ணிடம் உரிமைகளை வேண்டுமென்றே சொல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டு, ஒப்புதலைக் கறந்தபின், காப்பிக்கும் சிகரெட்டுக்கும் 20 நிமிட இடைவேளை விட்டார் அதிகாரி. திரும்பி வந்து எச்சரிக்கையை முறையாகப் படித்துவிட்டு, முன்பு சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தார். பயிற்சியில் கற்றுக்கொடுத்த உத்தியாம் இது! 2004-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டாம் வாக்குமூலத்தையும் சேர்த்துத் தள்ளியது.

2022-இலோ, எச்சரிக்கை சொல்லாததற்காக மட்டும் போலீஸ்காரர்மீது கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரி வழக்குப் போட முடியாது என்று 6-3 கணக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆக, மிஞ்சியிருப்பது வாக்குமூலத்தை ஒதுக்கும் இந்த ஒரு தடைதான். அதையும் எடுத்துவிட்டால், மூடிய அறைக்குள் எச்சரிக்கையைச் சொல்லும்படி ஒரு போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்துவது எது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.