திறந்த கதவு எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கூடத்திலிருந்து பால்கனிக்கோ, பின்முற்றத்துக்கோ, தோட்டத்துக்கோ போகும் வாசலில் கண்ணாடிக் கதவு வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசையில் தவறில்லை. பகலில் விளக்குப் போட வேண்டாம், சின்ன அறையும் பெரிதாகத் தெரியும், வெளியே நிற்கும் செடியை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் சட்டத்தின் நிறம், கைப்பிடியின் வடிவம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். "திறந்தபிறகு அந்தக் கதவு எங்கே போய் நிற்கும்?" என்று கேட்டால் மட்டும் சற்று விழிப்பார்கள். ஏனென்றால் விளம்பரப் படங்களில் கதவுகள் எப்போதும் மூடியே இருக்கின்றன, அல்லது எதிரே ஒரு நாற்காலிகூட இல்லாத மண்டபத்தில் திறந்திருக்கின்றன. நாம் குடியிருப்பது மண்டபத்தில் அல்லவே.

இடத்தை மிச்சப்படுத்தும் கதவு என்று விற்பவர் சொல்வார். கதவு எதுவானாலும் திறந்தால் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். தரைமேல் போகலாம், இன்னொரு கதவின் பின்னால் போகலாம், சுவருக்குள் போகலாம், மடிந்து ஓரத்தில் ஒதுங்கலாம். இந்த நான்கில் உங்கள் வீட்டில் எந்த இடம் சும்மா கிடக்கிறதோ அந்த இடத்துக்குப் போகிற கதவுதான் உங்களுக்கு இடத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் பழகிய கீல் கதவையே எடுத்துக்கொள்வோம். மூன்று அடி அகலக் கதவு ஒன்று முழுதாகத் திறக்கும்போது தரையில் கால் வட்டம் போடுகிறது. அந்தக் கால் வட்டத்தின் பரப்பு சுமார் 7 சதுர அடி. ஆறடி வாசலுக்கு இரட்டைக் கதவு போட்டால் 14 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே நாற்காலி போட முடியாது, தொட்டி வைக்க முடியாது, விரிப்பு போட்டால் கதவில் சிக்கிச் சுருளும்.

"அப்படியானால் வெளிப்பக்கம் திறக்க விடலாமே" என்பீர்கள். விடலாம். ஆனால் அந்தக் கால் வட்டம் எங்கேயும் மறைந்துவிடவில்லை, பால்கனிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. நான்கு அடி அகலப் பால்கனியில் மூன்று அடிக் கதவு திறந்து நின்றால், அதைச் சுற்றி ஒரு மனிதர் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். காற்று வீசும் பக்கமாக இருந்தால் கதவைப் பிடித்து நிறுத்தும் கொக்கியோ தடுப்போ கட்டாயம் தேவை. கண்ணாடிக் கதவு காற்றில் அறைந்து மூடுவதை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வெளியே திறக்கும் கதவுக்குக் கொசுவலை உள்பக்கம் வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் கீல் கதவை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். மூடும்போது ரப்பர் விளிம்பை நன்றாக அழுத்திக்கொண்டு மூடுவது அதன் பெரிய குணம். காற்றும் மழைச்சாரலும் தூசியும் நுழைய இடம் குறைவு. இதில் ஒரு நடுவழி இருக்கிறது. என்ன காரணமோ, அதைக் கேட்பவர்கள் குறைவு. ஆறடி வாசலில் இரண்டரை அடிக்கு மட்டும் கீல் கதவு வைத்துவிட்டு, மீதி மூன்றரை அடிக்கு அசையாத கண்ணாடி பொருத்திவிடுங்கள். வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். தரையில் கதவு கேட்கும் இடம் 14 சதுர அடியிலிருந்து 5 சதுர அடிக்கு இறங்கிவிடும். அசையாத கண்ணாடிக்கு ரோலர் இல்லை, பூட்டு இல்லை, பழுதாக எதுவும் இல்லை. அதன் முன்னால் தாராளமாக ஒரு நாற்காலி போடலாம்.

அடுத்தது நகரும் கதவு. இடம் குறைந்த வீடுகளில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான், அதில் நியாயமும் இருக்கிறது. தரையில் ஓர் அங்குலமும் கேட்காது. கதவை ஒட்டியே சோபா போடலாம். பதிலுக்கு அது வாசலின் பாதியை எடுத்துக்கொள்கிறது. இரண்டு டிராக்கில் இரண்டு கதவுகள் ஓடினால், ஆறடி வாசலில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று அடிக்கும் சற்றுக் குறைவான வழி. நடந்து போக அது போதும். கட்டிலும் பீரோவும் அந்த வழியாகத்தான் வர வேண்டுமென்றால் முதலில் அவற்றை அளந்துவிடுங்கள். மூன்று டிராக் போட்டால் மூன்று கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி, மூன்றில் இரண்டு பங்கு வாசல் திறக்கும். ஒன்பதடி வாசலுக்கு ஏறக்குறைய ஆறடி வழி. டிராக் கூடக்கூட நிலைச்சட்டத்தின் ஆழமும் கூடும், உங்கள் சுவரின் கனம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொசுவலைக்கும் தனியாக ஒரு டிராக் வேண்டும். அதைக் கடைசியில் நினைத்துக்கொண்டால் சட்டத்தையே மாற்ற வேண்டி வரும்.

நகரும் கதவில் எது ஓடும், எது நிற்கும் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொருத்துகிறவர் தம் வசதிக்கு ஒன்றைத் தீர்மானித்துவிடுவார். சோபா வரப்போகும் பக்கத்தில் அசையாத கண்ணாடி இருக்கட்டும். நடைபாதை இருக்கும் பக்கம் ஓடும் கதவு இருக்கட்டும். இது வரைபடத்திலேயே அம்புக்குறியோடு இருக்க வேண்டும். உள்ளிருந்து பார்த்தா வெளியிலிருந்து பார்த்தா என்றும் அதில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இடமும் வலமும் மாறிப்போகும்.

எடையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ எடை கொண்டது. நான்கு அடி அகலமும் ஏழு அடி உயரமும் உள்ள கதவின் பரப்பு 2.6 சதுர மீட்டர். 6 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் 39 கிலோ. இடையில் காற்றடைத்த இரட்டைக் கண்ணாடி என்றால் 78 கிலோ. இது கண்ணாடி மட்டும். சட்டத்தின் எடை தனி. இத்தனையையும் அடியில் இருக்கும் சின்னச் சின்ன ரோலர்கள்தான் பல்லாண்டு சுமக்கப் போகின்றன. கண்ணாடியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம் ரோலரைக் கேட்பதே இல்லை. அது எத்தனை கிலோ தாங்கும், தேய்ந்தால் கதவைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கனமான பெரிய கதவுகளுக்கு வேறொரு ஏற்பாடும் உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் கதவு சற்று மேலே தூக்கப்பட்டு எளிதாக ஓடும். திருப்பி விட்டால் கீழே இறங்கி ரப்பர் விளிம்பின்மேல் அழுந்தி உட்காரும். விலை கூடுதல்தான், ஆனால் நகரும் கதவுகளின் பழைய குறையான காற்றுக் கசிவை இது பெருமளவு தீர்த்துவிடுகிறது.

மடக்குக் கதவுதான் எல்லோர் கண்ணையும் கவர்வது. விசிறி மடிப்பதுபோல் பத்தடி வாசல் முழுதும் ஓர் ஓரத்துக்குப் போய்விடும். அறையும் முற்றமும் ஒன்றாகிவிடும். அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் இதை இடம் மிச்சப்படுத்தும் கதவு என்று சொல்லி விற்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பத்தடியை ஐந்து மடிப்பாக்கினால் ஒவ்வொன்றும் இரண்டு அடி. மடிந்து நிற்கும் அடுக்கு அந்த இரண்டு அடிக்கு உள்ளேயோ வெளியேயோ நீட்டிக்கொண்டு நிற்கும். அகலத்திலும் ஓர் அடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். மூடியிருக்கும்போது மடிப்புக்கு மடிப்பு நிற்கும் சட்டங்கள் பார்வையைக் கூறு போடும். கீல்களும் இணைப்புகளும் அதிகம், ஆகவே பழுதாகும் இடங்களும் அதிகம். மேல் டிராக்கில் தொங்கும் வகையாக இருந்தால் முழு எடையும் மேலேயுள்ள உத்தரத்தில்தான். அது சில மில்லிமீட்டர் தொய்ந்தாலும் கதவு இறுகத் தொடங்கும். பழைய சுவரை உடைத்து மடக்குக் கதவு வைக்க நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என்னுடைய அளவுகோல் எளியது. ஆண்டில் எத்தனை நாள் அந்த வாசலை முழுதாகத் திறந்து வைப்பீர்கள்? அடிக்கடி என்றால் மடக்குக் கதவு வையுங்கள், மடிப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். அப்போது ஓரத்து மடிப்பு ஒன்று தனிக் கதவுபோல் திறந்து, அன்றாடம் போய்வர உதவும். விழாநாள்களில் மட்டும்தான் என்றால், அந்தச் சில நாள்களுக்காக மற்ற நாளெல்லாம் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

சுவருக்குள் போய் மறையும் கதவைக் காகிதத்தில் யாராலும் மிஞ்ச முடியாது. வாசலும் முழுதாகத் திறக்கிறது, தரையும் போவதில்லை. ஆனால் அந்தச் சுவரில் தூண் இருக்கக் கூடாது, தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடக் கூடாது, கனமும் இரட்டிப்பாக வேண்டும். வெளிச்சுவரில் அந்தப் பொந்துக்குள் மழைநீரும் பூச்சியும் போனால் யார் உள்ளே கைவிட்டுத் துடைப்பது? புதிதாகக் கட்டும் வீடென்றால் யோசிக்கலாம். கட்டி முடித்த வீட்டில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கண்ணாடிக்கு வருவோம். வாசலில் வைக்கும் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியாக இருக்கவே கூடாது. டஃபண்டு கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதனால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு வலுப்பெறுகிறது. உடைந்தாலும் கத்திபோன்ற சில்லுகளாகாமல் மழுங்கிய சிறு துண்டுகளாக உதிர்கிறது. பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவு தவறினால் அந்தக் கண்ணாடி வீண். லேமினேட்டட் கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருக்கும். உடைந்தாலும் துண்டுகள் அந்த ஏட்டிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். பிரெஞ்சுக்காரரான எதுவார் பெனடிக்டஸ் 1909இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். திருட்டுப் பயம் இருந்தால் இதுவே மேல். டஃபண்டு கண்ணாடி உதிர்ந்த மறுகணம் வாசல் திறந்துவிடும். இது விரிசலோடு வழியை மறித்துக்கொண்டிருக்கும்.

மேற்கு வெயில் நேராக அடிக்கும் வாசலுக்கு இரட்டைக் கண்ணாடி மட்டும் போதாது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சுள்ள கண்ணாடியைக் கேளுங்கள். அதைவிட நல்லது, வெளியே நிழல் தரும் கூரை நீட்டமோ மூங்கில் தட்டியோ. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதன்பின் திரை போட்டு அறையைக் குளிர்விப்பது பாதி வேலைதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுமினியம் மெலிதாக இருந்தே எடையைத் தாங்கும், ஆகவே அதே வாசலில் கண்ணாடி அதிகம் தெரியும். வெப்பத்தையும் குளிரையும் விரைவாகக் கடத்தும் என்பது அதன் குறை. யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அவ்வளவாகக் கடத்தாது, ஆனால் சட்டம் தடிமனாக இருக்கும். பெரிய கதவுக்கு உள்ளே எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வாசற்படிக்கு வருவோம். தரையோடு தரையாக டிராக் இருக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் டிராக் என்பது மழைநீர் வந்து சேரும் ஒரு வாய்க்கால். அந்த நீர் வெளியேறச் சட்டத்தின் வெளிப்பக்கம் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவற்றின் பயன் தெரியாமல், ஓட்டையாக இருக்கிறதே என்று சிலிக்கானோ சிமெண்டோ வைத்து அடைத்துவிடுகிற வேலையாட்கள் உண்டு. அப்புறம் முதல் மழையிலேயே தண்ணீர் கூடத்துக்குள் வந்து நிற்கும். பழி கதவின்மேல் விழும். தரைமட்ட டிராக் வேண்டுமென்றால் வெளித்தரை உள்தரையைவிடத் தாழ்வாகவும், வெளிப்பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும். இதைத் தரை ஓடு பதிப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுண்ணக்கட்டியில் நூலைக் கட்டி, கீல் வரப்போகும் இடத்தில் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கதவின் சுழற்சியைத் தரையில் வரையுங்கள். மடக்குக் கதவென்றால் அடுக்கு நிற்கும் இடத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வையுங்கள். நகரும் கதவென்றால் அசையாத பாதியை இரண்டு நாற்காலிகளால் மறியுங்கள். ஒரு வாரம் அப்படியே புழங்குங்கள். அட்டைப்பெட்டியில் யாரெல்லாம் இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். திரைச்சீலையையும் கணக்கில் சேருங்கள்; ஒதுக்கிய திரை எந்தப் பக்கம் குவிகிறதோ அங்கே அதுவும் இடம் பிடிக்கும்.

கதவு பொருத்தி முடித்த அன்று, பொருத்தியவர் கிளம்புவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். நகரும் கதவை மூடிப் பூட்டிவிட்டு, இரு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். டிராக்கை விட்டுக் கழன்று வருமானால் தூக்கல் தடுப்பைப் போடவில்லை என்று அர்த்தம். திருடனுக்குப் பூட்டை உடைக்கும் வேலை மிச்சம். பிறகு குழந்தையின் கண்மட்டத்திலும் பெரியவர் கண்மட்டத்திலும் கண்ணாடியில் ஏதாவது அடையாளம் ஒட்டச் சொல்லுங்கள், நன்றாகத் துடைத்த கண்ணாடி இருப்பதே தெரியாது. கடைசியாக ஒரு குவளைத் தண்ணீரை டிராக்கில் ஊற்றுங்கள். அது வெளிப்பக்கத் துளை வழியாக ஒழுகிப் போவதைப் பார்த்தபின் மீதித் தொகையைக் கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.