முற்றுகைக்குள் ஒரு கிரயப்பத்திரம்

வானொலி நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் 29ஆம் அதிகாரத்தில் நின்றுவிடுவார்கள். இன்று மூன்று அதிகாரம் தள்ளி, 32க்குப் போவோம். அதில் இருப்பது ஒரு நிலம் கைமாறிய விவரம். விற்றவர், வாங்கியவர், விலை, சாட்சிகள், பத்திரம், பத்திரத்தை எங்கே வைப்பது என்பது வரை எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு கிரயப்பத்திரம் உருவான விதத்தை வேதாகமம் இத்தனை நுணுக்கமாக வேறெங்கும் சொல்லவில்லை.

முதலில் நாட்டு நிலவரத்தைப் பார்ப்போம். யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், ஏறத்தாழ கி.மு. 587. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்து மாதக்கணக்காகிவிட்டது. மதில்மேல் ஏறுவதற்கு வெளியே மண்மேடு போடுகிறார்கள். உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டும் மிஞ்சியிருந்தன என்று 34ஆம் அதிகாரம் சொல்கிறது. 1935இல் லாகீசைத் தோண்டியபோது கிடைத்த ஓட்டுச்சில்லுக் கடிதங்களில் ஒன்று, லாகீசின் அடையாளத்தீயைப் பார்த்துக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்கிறது. மையால் ஓட்டில் எழுதின நாலு வரி. நாடு எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே போதும்.

எரேமியாவோ அரமனைக் காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பட்டணம் விழும் என்று சொன்னதுதான் குற்றம். அவருக்கு ஆகாரம் நாளொன்றுக்கு ஒரு அப்பம், அதுவும் பட்டணத்தில் அப்பம் இருக்கும்வரை. இப்படி இருக்கும்போது பெரிய தகப்பன் சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, "ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை நீ வாங்கிக்கொள்" என்கிறான்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர். அப்போது அது எதிரியின் பிடியில் இருந்த பகுதி. வாங்குகிறவர் போய்ப் பார்க்க முடியாது, வேலி கட்ட முடியாது, விதைக்கவும் முடியாது. இன்னும் இரண்டு சங்கதி உண்டு. அந்த ஊர்க்காரர்கள்தான் முன்பு எரேமியாவைக் கொல்லச் சதி செய்தவர்கள். 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதோடு எரேமியாவுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. விவாகம் செய்யாதே என்று 16ஆம் அதிகாரத்திலேயே கட்டளை பெற்றவர். அதாவது எதிரி மிதித்துக்கொண்டிருக்கிற நிலம், கைவிட்ட ஊர், வாரிசு இல்லாத ஆள். எந்தத் தரகரும் இந்த நிலத்துக்கு ஆள் பிடித்திருக்க மாட்டார்.

எரேமியா வாங்கினார். எப்படி வாங்கினார் என்பதில்தான் இன்றைய பாடம் இருக்கிறது.

அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தார். ஆனாலும் அவன் வந்து கேட்ட பிறகே, "அப்பொழுது அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்று எரேமியா எழுதுகிறார். நாற்பது வருஷமாகத் தேவ சத்தத்தைக் கேட்டுப் பழகினவரே, மனதில் பட்டதை உடனே "கர்த்தர் சொன்னார்" என்று அறிவிக்காமல் பொறுத்திருந்து பார்த்தார். நம்மில் சிலருக்கு அந்தப் பொறுமை பத்து நிமிஷம்கூட இருப்பதில்லை.

அடுத்து, வாங்க வேண்டிய கடமை அவருக்குச் சட்டப்படி இருந்தது. குடும்பத்தில் ஒருவன் வறுமைப்பட்டு நிலத்தை விற்றால், நெருங்கிய உறவின்முறையான் அதை மீட்க வேண்டும் என்பது லேவியராகமம் 25இல் உள்ள பிரமாணம். ஆகவே இது சூதாட்டமல்ல. "விசுவாசத்தோடு விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்" என்று பணம் கேட்பதற்கு இந்த அதிகாரத்தைத் திறக்கிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். எரேமியா எந்த மடங்கையும் எதிர்பார்க்கவில்லை. அமைதிக் காலத்தில் ஒரு உறவினன் செய்ய வேண்டியதை, யுத்த காலத்திலும் செய்தார்.

விலை 17 சேக்கல் வெள்ளி. அக்காலத்தில் யூதாவில் நாணயம் புழக்கத்துக்கு வரவில்லை. வெள்ளியைத் துண்டு துண்டாக வெட்டித் தராசில் நிறுப்பார்கள். ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று அதிகம். 17 சேக்கல் என்றால் 190 கிராம் சொச்சம். முற்றுகைக்குள் வெள்ளி என்றால் சோறு. அதைத் தராசில் வைத்துக் குறையில்லாமல் நிறுத்துக் கொடுத்தார்.

பிறகு பத்திரம். கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். "முத்திரைபோடப்பட்ட கிரயப்பத்திரத்தையும், திறந்திருக்கிற பிரதியையும்" என்று வேதம் இரண்டாகச் சொல்கிறதே, அது அக்காலத்து நடைமுறை. ஒரே விவரத்தை இரண்டு தடவை எழுதுவார்கள். ஒன்றைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சின்மேல் களிமண் அப்பி முத்திரை குத்துவார்கள். மற்றது யாரும் பார்க்கும்படி திறந்திருக்கும். தகராறு வந்தால் முத்திரையை உடைத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். திறந்த பிரதியில் யாராவது கைவைத்திருந்தால் அங்கே பிடிபட்டுவிடும். இப்படி இரட்டையாக எழுதின பத்திரங்கள், பிந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, யூதேய வனாந்தரக் குகைகளில் கிடைத்திருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலக வாசலில் அசலும் நகலும் வில்லங்கச் சான்றுமாகக் காத்திருந்த எவருக்கும் இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது.

கடைசியாக, எழுத்தாளனாகிய பாருக்கை அழைத்து, இரண்டையும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை என்கிறார். சவக்கடல் ஓரத்துக் குகைகளில் 1947 முதல் கிடைத்த தோற்சுருள்களில் சில, மூடியுள்ள மண்ஜாடிகளில் இருந்தே ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் தாண்டின. நாளைக்கே நிலத்தில் இறங்கப் போகிறவன் பத்திரத்தை ஜாடியில் போட்டு மூடமாட்டான். சீக்கிரம் நடக்காது என்று தெரிந்தே, அதற்கேற்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

நேயர்களே, கிறிஸ்தவ நம்பிக்கை தவறிப்போகிற இடங்களில் முக்கியமானது இந்தக் கால அளவுதான். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், ஆலயத்துப் பாத்திரங்கள் திரும்பி வரும் என்று ஜனங்கள் முன்பாக முழங்குகிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதின கடிதத்தில் உள்ள கணக்கு 70 வருஷம். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள் என்கிறார். அந்தக் கடிதத்தில் வருகிறதுதான், நம் வீடுகளில் வாக்குத்தத்த அட்டையாகத் தொங்குகிற 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரியை மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின வசனத்தில்தான் 70 வருஷம் இருக்கிறது. அட்டையில் அதை அச்சடிக்கிறவர் இல்லை. பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் கொடுத்தால், எரேமியாவின் கையெழுத்தில் அனனியாவின் செய்தியைக் கொடுத்தது மாதிரி. மூன்று மாதத்தில் கடன் தீரும், ஆறு மாதத்தில் நோய் போகும் என்று நாமே தவணை குறித்துவிடுகிறோம். தவணை தப்பியதும் விசுவாசம் பொய்த்தது என்று ஒடிந்துபோகிறோம். பொய்த்தது நாம் குறித்த தேதி.

இன்னொன்று. பத்திரம் பாருக்கின் கைக்குப் போன பிறகே எரேமியா ஜெபிக்கிறார். ஜெபத்தின் தொடக்கம் நாம் பாடல்களில் அறிந்தது: "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை." அதோடு நிற்காமல் முடிவுவரை வாசியுங்கள். இதோ மண்மேடுகள் பட்டணத்தை எட்டிவிட்டன, நீர் சொன்னபடியே நடக்கிறது, அதை நீரே பார்க்கிறீர், அப்படியிருந்தும் நிலத்தை வாங்கச் சொல்கிறீரே என்று முடிகிறது. குழப்பம் தீர்ந்த பிறகு அவர் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டு, குழப்பத்தைத் தேவனிடமே கொண்டுபோனார். மனம் தெளிந்த பிறகுதான் கீழ்ப்படிவேன் என்று காத்திருப்பவர்கள் அந்த இரண்டு செயல்களின் வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இதை நம் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? இருட்டில் இருக்கும்போது முதலில், இந்த நிலைமை வராதிருந்தால் இந்த வாரம் நான் செய்ய வேண்டிய கடமை எது என்று கேளுங்கள். மருத்துவமனையில் கணவர் கிடக்கிறார்; மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நாள் நெருங்குகிறது. கட்டுங்கள். கடன்காரன் வாசலில் நிற்கிறான். கணக்குப் புத்தகத்தை எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று ரூபாய் சுத்தமாக எழுதுங்கள். தராசில் நிறுத்த மாதிரி. அதைச் சபையிலோ உறவிலோ நம்பத்தக்க இரண்டு பேருக்குக் காட்டுங்கள். எரேமியாவுக்கும் சாட்சிகள் வேண்டியிருந்தது. இரகசியமாகச் சுமக்கிற துயரத்தில் புத்தி தடுமாறும். பிறகு ஜெபத்தை ஒரு தாளில் எழுதுங்கள். நிலவரத்தையும் எழுதுங்கள், வாக்குத்தத்தத்தையும் எழுதுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்றே எழுதுங்கள். தேதி போட்டு வேதாகமத்துக்குள் வையுங்கள். மாத்திரைகளை நிறுத்துவது, வேலையை விடுவது, இருக்கிற நகையைக் காணிக்கையாகப் போடுவது இவையெல்லாம் ஆனதோத் நிலத்தை வாங்குவது ஆகாது. அவற்றில் எதுவும் கடமையின் பட்டியலில் இல்லை.

துயரத்தில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே முற்றுகைக் காலத்தில் எரேமியாவைத் தண்ணீரில்லாத ஒரு துரவுக்குள் இறக்கிவிட்டார்கள், சேற்றில் புதைந்தார். அவரைத் தூக்கினவன் அரமனையில் வேலைசெய்த எத்தியோப்பியன் எபெத்மெலேக். ராஜாவிடம் அனுமதி வாங்கி, 30 பேரைக் கூட்டிக்கொண்டு, கயிறோடு போனான். அதற்குமுன் பொக்கிஷ அறையின் கீழிருந்து பழம்புடவைகளையும் கந்தைத்துணிகளையும் எடுத்துக்கொண்டான். கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னான். கயிறு என்பது சத்தியம். அது நல்லதுதான். கந்தை இல்லாமல் இழுத்தால் சதை பிய்ந்துவிடும். "எல்லாம் நன்மைக்கே" என்று ரோமர் 8:28ஐச் சாவு வீட்டு வாசலில் நின்று சொல்கிறவர்கள் கயிற்றை மட்டும் கொண்டுவருகிறார்கள். முதல் நாள் சோறு கொண்டுபோங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வசனம் அப்புறம் ஆகட்டும்.

எரேமியாவே தான் பிறந்த நாளைச் சபித்தவர். 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிரை விடலாமா என்று தோன்றுகிறவர்கள் அதைப் பாவம் என்று மறைக்க வேண்டாம். போதகரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

புதிய ஏற்பாட்டுக்கு வரும்போதும் இந்தப் பத்திர மொழி நம்மை விடுவதில்லை. எபேசியர் முதலாம் அதிகாரத்தில் பவுல், பரிசுத்த ஆவியால் முத்திரைபோடப்பட்டீர்கள் என்கிறார். உடனே, ஆவியானவர் "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார்" என்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே போட்ட அச்சாரம் என்ற சொல் சந்தையிலிருந்து வந்தது. மாடு பிடிக்கப் போனாலும் மனை பேசப் போனாலும் முதலில் கொடுக்கிற தொகை. அச்சாரம் கொடுத்தவன் மீதியைக் கொடுக்கக் கட்டுப்பட்டவன். அந்த அச்சாரத்துக்கு ஆதாரம் எது என்றால், பவுல் அதே அதிகாரத்தில் காட்டுவது கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுப்பின வல்லமையை. கல்லறையையும் வெளியே கல்லால் அடைத்து முத்திரை போட்டிருந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். கிறிஸ்தவன் நம்புவது நிலவரம் மாறும் என்பதை மட்டுமல்ல. நிலவரம் முற்றாக முடிந்த பிறகும் தேவனுக்கு வேலை இருக்கிறது என்பதை.

எருசலேம் விழுந்தது. ஆலயமும் வீடுகளும் எரிந்தன. 1982இல் தாவீதின் நகரம் என்னும் பகுதியில் தொல்லியலாளர் யிகால் ஷிலோவின் குழு தோண்டிய எரிந்த வீடொன்றில் ஐம்பது வாக்கில் களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த சுருள்கள் சாம்பலாகிவிட்டன. முத்திரைகளை அதே நெருப்பு சுட்டு ஓடுபோல இறுக்கிவைத்திருந்தது. அவற்றில் ஒன்று சாப்பானின் குமாரன் கெமரியாவின் பெயரைத் தாங்கியது. பாருக்கு எரேமியாவின் சுருளை வாசித்தது அந்தப் பெயருடையவரின் அறையில்தான் என்று 36ஆம் அதிகாரம் சொல்கிறது.

எரேமியாவை அவருடைய ஜனங்களே எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் ஆனதோத் நிலத்தில் கால்வைத்ததாக வேதத்தில் இல்லை. அந்த மண்பாண்டத்தைப் பற்றியும் பிறகு பேச்சே இல்லை. பாபிலோன் வீழ்ந்து, பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கட்டளை பிறந்து, ஜனங்கள் ஊர் திரும்பினார்கள். திரும்பினவர்களின் ஜாபிதா எஸ்றாவின் புத்தகத்தில் இருக்கிறது. பெயரும் எண்ணிக்கையுமாக நீளுகிற அந்த இரண்டாம் அதிகாரத்தை நாம் வாசிக்காமல் தாண்டிவிடுவோம். இன்று இரவு தாண்ட வேண்டாம். 23ஆம் வசனத்தில் விரலை வையுங்கள்: ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.