கயிற்றில் கட்டிய பூட்டு
(மதுரையில் இசை மாணவர்களிடையே ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். மேசையில் இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று மெட்ரோனோம், அதாவது பாட்டின் வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி. இன்னொன்று, சணல்கயிற்றில் கட்டிய ஒரு பூட்டு. பூட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கயிறு ஒரு மீட்டர். ஆட்டிவிடுகிறேன், பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு வினாடி. நிமிஷத்துக்கு 60 தட்டு. சரி, 40 தட்டுதான் வேண்டும் என்றால்? கயிறு இரண்டேகால் மீட்டர் வேண்டும். நான் இந்த நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டும். 1696இல் பிரான்சில் லூலியே என்பவர் காட்டிய காலமானி இப்படிப்பட்ட ஊசல்தான். ஆறடி உயரம். சத்தமும் வராது, கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும்.

இந்த நீளத்தைச் சுருக்கியவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்கெல் என்பவர். வருஷம் 1814. ஏற்றம் இறைத்துப் பார்த்த பெரியவர்களுக்கு அவர் செய்தது உடனே பிடிபடும். ஒரு பக்கம் சால், மறுபக்கம் எதிர் எடை. இரண்டும் ஒன்றை ஒன்று இழுப்பதால் அந்த நீண்ட மரம் நிதானமாக ஏறி இறங்கும். விங்கெலும் கம்பியின் கீழே ஒரு எடை, மேலே ஒரு எடை வைத்தார். இதோ, இந்த மெட்ரோனோமில் பித்தளைத் துண்டை மேலே தள்ளுகிறேன், ஆட்டம் மெதுவாகிறது. ஒரு சாண் கம்பியே 40 தட்டுக்கு இறங்கிவிடுகிறது!

அதைப் பார்த்த மெல்ட்சல் என்பவர் எண் அளவைச் சேர்த்து, 1815இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். கண்டுபிடித்தவர் பெயர் மறைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் கருவி பரவியது மெல்ட்சலால். 1817இல் இசையமைப்பாளர் பீத்தோவன் தன் சிம்பொனிகளுக்கு வேக எண்களை வெளியிட்டார். அவர் எழுதிய தாள் அவர் போகாத ஊர்களுக்கெல்லாம் போகும். 'விரைவாக' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு விரைவு. எண் அந்தக் குறைக்கு வந்த மருந்து.

நமக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை. குரு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் தொடையில் விழுந்த தட்டுதான் அளவு. தொல்காப்பியர்கூட மாத்திரைக்குக் கண் இமைப்பையும் கை நொடிப்பையும்தான் அளவாகச் சொன்னார். உடம்பே கருவி. நம் ஊர்ப் பாடகர் மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்களை, தாளத்தோடு சீராக ஓடும் அந்த ஸ்வரங்களைக் கேளுங்கள். ஆற்றுநீர் மாதிரி ஓடும். கேட்கிறவர் கை தானாகத் தாளம் போடும்.

அதற்காக மெட்ரோனோமை ஒதுக்கச் சொல்லவில்லை. இப்போது உங்கள் போனிலேயே இருக்கிறது, நன்றாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இப்படிச் செய்து பாருங்கள். 60இல் வைத்து ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு முழுச் சுற்று, போடுங்கள். அப்புறம் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு, நான்கு ஆவர்த்தனம் நீங்களாகவே பாடுங்கள். சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், சத்தத்தைத் திரும்பத் திறங்கள். உங்கள் தட்டும் அதன் தட்டும் சேர்ந்து விழுகிறதா? வாருங்கள், இப்போதே போடலாம். கையை எடுங்கள்.